ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு சம்பந்தம்

மே 22, 1972, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், ஒரு கரித்துண்டை எடுத்துச் சமையலறைச் சுவரில் எழுதினேன்: "ஒரு குழம்பு. ஒரு பொரியல். மோர். திருவிழா முடியும்வரை இவ்வளவுதான்." தள்ளி நின்று பார்த்தேன். பொருளாதாரத்தில் பி.ஏ. வாங்கியவளின் கையெழுத்து இன்னும் கெட்டுப்போகவில்லை.

வைகாசி எங்கள் வீட்டுக்குள் மூன்று பக்கமிருந்தும் நுழையும். வரதராஜப் பெருமாளுக்குப் பிரம்மோற்சவம். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு உள்ளவர்களுக்குத் தங்களுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் உண்டு என்பது அப்போதுதான் தெரியவரும். முகூர்த்த மாதம், கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருவார்கள். பள்ளிக்கூட விடுமுறை, பசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத பிள்ளைகள். மூன்று கூட்டமும் வந்து உட்காருவது என் சமையலறைக்கு எதிரே உள்ள கூடத்தில்.

இவர் பட்டு விற்பதும் அந்தக் கூடத்தில்தான். ஜமக்காளத்தை விரிப்பார், புடவைகளைப் பரப்புவார், விலை படியும்போது, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்பார். புடவை மடித்த இடத்தில் இலை விழும். என் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் அதற்குமேல் பேரம் பேச வெட்கப்படுவார்களாம். பில்லில் புடவையின் பெயர் இருக்கும், ஜரிகை இருக்கும். சாம்பாரை மட்டும் காணோம்.

தேவகி சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மெனுவா, ஊரடங்கு உத்தரவா?" என்றாள். பி.யூ.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற என் மகள். முதல் வகுப்பு வந்தால் மெட்ராஸில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ப்பதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். வராது என்ற நம்பிக்கையில் கொடுத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மாலையில் இவரும் சுவரைப் படித்தார். கரியை எடுத்துக் கீழே "அப்பளம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மே 24, புதன்

தாமலிலிருந்து நாத்தனார் வந்தாயிற்று. செல்லியம்மாள் அண்ணி, அவர் கணவர் கலியாணசுந்தரம், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு கோணிப்பை கத்திரிக்காய். உள்ளே நுழைந்ததும் சுவரை உரக்கப் படித்தார்.

"இன்னாம்மா காமாட்சி, ஆஸ்பத்திரியில எழுதிப் போட்ட மாதிரி இருக்குது? எங்க தம்பிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"உங்க தம்பி நல்லா இருக்காரு அண்ணி. எனக்குத்தான் இடுப்பு வலி."

"அதுக்கு இன்னா, இடுப்பை வெச்சா சமைக்கிறே?"

அண்ணன் கலியாணசுந்தரத்துக்குச் சர்க்கரை வியாதி. அரிசி ஆகாது, அவருக்குத் தனியாகக் கேழ்வரகுக் களி. களியை எல்லோர் முன்னாலும் முகம் சுளித்துச் சாப்பிட்டுவிட்டு, கொல்லையில் யாரும் பார்க்காதபோது மாம்பழம் சாப்பிடுகிறார். கொட்டையை மட்டும் என் துளசி மாடத்துக்குப் பின்னால் போடுகிறார். வரும் ஆண்டு அங்கே தோப்பு வரலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி தன் வீரக்கதையைச் சொன்னார். வருடா வருடம் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது கையெழுத்து, சாட்சி ஒன்றும் கிடையாது. மனம் ஒத்துப்போனால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். பெண் வீட்டில் பிள்ளை வீட்டார், பிறகு பிள்ளை வீட்டில் பெண் வீட்டார். இரண்டும் நடந்தால்தான் முடிவானது. பிடிக்கவில்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

"திருமுக்கூடல்ல ஒரு இடம், நம்ம சின்னவளுக்கு. அவங்க வந்து நம்ம வூட்ல சாப்ட்டுப் போயாச்சு. நாங்க திரும்பப் போறோம். இலை போட்டு பாயசம் ஊத்திக்கினு இருக்காங்க. அந்தப் பையன் பெத்த தாயையே அதட்டிக்கினு நிக்கிறான். நான் கை நனைக்கல. மோர்கூடத் தொடல. எழுந்தேன், வந்தேன். பொண்ணைப் பெத்தவ கை நனைக்காம எழுந்துட்டா அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது, தெரிஞ்சுக்கோ!"

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் சாப்பிடாமல் இருந்ததைப் பற்றி இவ்வளவு பேசுகிறவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சொல்லி முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

மே 25, வியாழன்

கொடியேற்றம். சுவரில் என் எழுத்துக்குக் கீழே இப்போது: அப்பளம், வடகம், களி. அதற்கும் கீழே கோணல் எழுத்தில் "ஜாங்கிரி". கடைசியது பேரப்பிள்ளைகளின் மனு.

மே 26, வெள்ளி

ஜான் பாஷா வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற கல்யாணப் பார்ட்டிகளை இவரிடம் அழைத்து வருகிற தரகர்.

"அம்மா, நாளைக்கு செய்யாறு பார்ட்டி ஒண்ணு வருது. பெரிய கை. கருட சேவைக் கூட்டத்துல நான் மாட்டிக்கினாலும் அவங்களை நேரா வூட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்க பேஜார் பண்ணிக்காம நாலு புடவையை எடுத்துப் போட்டுக் காட்டிக்கினு இருங்க. அப்புறம் சாப்பாடு…" என்று சுவரைப் பார்த்தார். "அது இன்னா, அவ்ளோதானா?"

இவருக்கும் அதே கவலை. பெரிய கைக்கு ஒரு குழம்பு போதுமா? கூட்டு வேண்டாமா? வடை? நான் சொன்னேன்: "பட்டு நல்லா இருந்தா ரசத்தோட எடுப்பாங்க. இல்லேன்னா வடையைத் தின்னுட்டுப் போவாங்க." இவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதை இவர் ஒரு பதிலாகவே வளர்த்து வைத்திருக்கிறார்.

மே 27, சனி: கருட சேவை

தேவகி தூங்குகிறாள், மற்றவர்கள் இன்னும் திரும்பவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இன்று எனக்கு வெற்றி.

விடியலில் பெருமாள் கருடன்மேல் புறப்பட்டார். தெருவே தலைகளாக இருந்தது. இவரும் நாத்தனார் குடும்பமும் பெருமாள் பின்னாலேயே பெரிய காஞ்சிபுரம்வரை போனார்கள். நானும் தேவகியும் வாசலிலேயே கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தோம். முருங்கைக்காய் சாம்பார், தாமல் கத்திரிக்காய்ப் பொரியல், ரசம், மோர். (ரசம் சுவரில் இல்லை. எனக்கே நான் கொடுத்த சலுகை.)

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் பார்ட்டி வந்தது. பெரியவர் ஒருவர், அவர் மனைவி, இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன். வெயிலில் வாடிப்போயிருந்தார்கள். "செல்லியம்மா சொன்னாங்க, வந்தோம்" என்றார் பெரியவர். ஜான் பாஷாவோடு சேர்ந்து அண்ணியும் ஆள் பிடித்துத் தருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜமக்காளம் விரித்தேன். புடவைகளை எடுத்துப் போட்டேன். அரக்கில் பச்சைக் கரை போட்டதைத் தேவகி வழக்கம்போல் தோளில் போட்டு, திரும்பி நின்று முந்தானையைக் காட்டினாள். அந்த அம்மாள் புடவையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி புடவையைப் பார்த்தார்.

"பாப்பா படிக்குதா?"

"பி.யூ.சி. எழுதியிருக்கா."

"அதுவே எதேஷ்டம்மா."

விலையே கேட்கவில்லை. மரியாதையான மனிதர்கள், பிற்பாடு இவரிடம் பேசிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். இலை போட்டேன். உடனே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்பவேவா?" என்றார் பெரியவர். "இப்ப இல்லாம எப்போ? பசி நேரம், உட்காருங்க" என்றேன். வாசல் பக்கம் போய் என்னவோ தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்தார்கள். பட்ஜெட் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பெரியவர் சிரித்த முகத்தோடு, "நீங்களே இவ்வளவு மனசோட இலை போட்டப்புறம் நாங்க இன்னா சொல்றது?" என்று உட்கார்ந்தார்.

எப்படிச் சாப்பிட்டார்கள்! பையன் வாயே திறக்கவில்லை, ரசத்துக்கு மட்டும் திறந்தான். "பாப்பா வெச்ச ரசமா?" என்றார் அந்த அம்மாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். புறப்படும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சொல்லி அனுப்புறோம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு குழம்பு, ஒரு பொரியலுக்குக் கண் கலங்கிய பார்ட்டியை இந்த வீடு இதுவரை கண்டதில்லை. கூட்டு எதற்கு, வடை எதற்கு? சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

நான்கு மணி சுமாருக்கு ஜான் பாஷா ஒரு கூட்டத்தோடு வந்தார். "அம்மா, இவங்கதான் செய்யாறு பார்ட்டி."

அப்போ அவங்க யாரு?

இவரும் அண்ணியும் திரும்பி வந்தபோது கேட்டேன். ரசம் வரைக்கும் சொன்னேன். அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, வாலாஜாபாத் வீராசாமி! அரிசி மில்லுக்காரரு! சாயங்காலம் இல்ல வரச் சொன்னேன்? முன்னாலயே வந்துட்டாங்களா? இன்னாம்மா சொல்றே, சாப்ட்டாங்களா? கை நனைச்சாங்களா?"

நனைத்தார்கள். ரசத்துக்கு மூன்று முறை.

பெண் பார்க்க வந்தவர்கள். என் பெண்ணை. எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இவர் மோட்டுவளையைப் பார்த்தார். "நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் முன்னாடி சொல்லல. சும்மா பாத்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். நீயே இலை போட்டு முடிச்சுட்டே."

நானே. ஜமக்காளம் விரிச்சு, பொண்ணை நிக்க வெச்சு, முந்தானையைக் காட்டச் சொல்லி, சோத்தையும் போட்டு — நானே முடிச்சிருக்கேன். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? நாலு பேர் வருவார்கள், ஜமக்காளத்தில் உட்காருவார்கள், விரித்துக் காட்டுவோம், திருப்பிப் பார்ப்பார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் சாப்பாடு ஒன்றுதான். அதையும் நான் போட்டுவிட்டேன்.

மே 28, ஞாயிறு

சமைத்தேன். என்ன சமைத்தேன் என்று நினைவில்லை. நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மே 29, திங்கள்

வீராசாமி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்களுக்குப் பூரண சம்மதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வாலாஜாபாத் போய்ச் சாப்பிட வேண்டும். ஆனி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம்.

இவரிடம் சொன்னேன், போய் உண்மையைச் சொல்லுங்கள், புடவை வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.

"எப்படிச் சொல்றது? உங்களைச் சரக்கு வாங்க வந்தவங்கன்னு நெனச்சோம், சோத்துக்கு அர்த்தம் இல்லேன்னா? ஊர்ல அப்புறம் எவன் என் வூட்ல வந்து உட்காருவான்?"

"அப்போ தேவகி காலேஜ்?"

"ரிசல்ட் வரட்டும்."

"வந்தா?"

பதில் இல்லை. ஏற்கெனவே எழுதியிருக்கிறேனே, வளர்த்து வைத்திருக்கிறார் என்று.

தேவகி கொல்லையில் மாங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அவங்களுக்குப் பிடிச்சது அரக்குப் புடவையா, நானா?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "நல்லவங்கதாம்மா. அந்தப் பையனும் ஒண்ணும் தப்பா பாக்கல. அதான் கஷ்டமா இருக்குது. நான் கெமிஸ்ட்ரி படிக்கணும்மா." ஒரே முறைதான் சொன்னாள். இரண்டாம் முறை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவளுக்கு அது தெரியும்.

மே 31, புதன்: தேர்

ஊரே வடம் பிடிக்கப் போயிருந்தபோது பேப்பர் வந்தது. தேவகியின் நம்பர் முதல் வகுப்பில் இருக்கிறது. நம்பரைச் சுற்றி மஞ்சள் தடவிவிட்டு அடுப்பில் குழம்பு தீய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் சந்தோஷப்பட்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஜாங்கிரி வாங்கிவந்தார். பிள்ளைகள் சுவரில் எழுதிய மனு நிறைவேறியது. பிறகு அண்ணி, "மில்லுக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பு தம்பி, பொண்ணு பஸ்ட் கிளாஸ்னு. மவுசு ஏறும்" என்றார். இவர் தலையை ஆட்டினார். முதல் வகுப்பு வந்தால் மெட்ராஸ் என்று சொன்ன வாய் ஜாங்கிரியை மென்றுகொண்டிருந்தது.

"நீங்க வாக்குக் கொடுத்தீங்க" என்றேன்.

"அதுக்கு முன்னாடி நீ சோறு போட்டுட்டியே."

எனக்கும் ஒரு காலத்தில் முதல் வகுப்பு வந்தது. இந்த வீட்டில் அதைக் கொண்டு என்ன செய்தேன் என்று யோசித்தால், எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு என்று தப்பில்லாமல் போடுவேன். அவ்வளவுதான்.

ஜூன் 1, வியாழன்

எனக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. அண்ணி காபி டம்ளரை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார்! பயந்துபோனேன்.

"ஞாயித்துக்கிழமை நீதான் முதல்ல கை நனைக்கணும் காமாட்சி. பொண்ணைப் பெத்தவ. நீ ஒரு வாய் வெச்சப்புறம்தான் மத்தவங்க. உனக்கு இன்னா பாயசம் பிடிக்கும்னு அங்கம்மா கேட்டு அனுப்பியிருக்காங்க."

அங்கம்மாள்தான் என் கைகளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர். எனக்கு என்ன பாயசம் பிடிக்கும்? கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாருக்குக் களி, யாருக்குக் காரம் ஆகாது, யார் கத்திரிக்காயை ஒதுக்குவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் சாப்பிட்டேனா என்று இவர்கள் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. பாத்திரத்தில் மிஞ்சுவது என் பங்கு. இப்போது நான் ஒரு வாய் சாப்பிடாவிட்டால் ஒரு கல்யாணமே நிற்கும் என்கிறார்கள்.

நிற்குமா?

"நிஜமாவா அண்ணி? பொண்ணைப் பெத்தவ சாப்பிடலேன்னா நடக்காதா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள்போல்.

"எத்தனை தபா சொல்றது? திருமுக்கூடல் கதையை மறந்துட்டியா?" மறுபடி முழுவதும் சொன்னார். முதல்முறையாகக் கவனமாகக் கேட்டேன்.

ஜூன் 3, சனி

திருவிழா இன்றோடு முடிந்தது. சாயங்காலம் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தேன். அப்பளமும் வடகமும் போய்விட்டன. "ஒரு குழம்பு" மட்டும் லேசாகத் தெரிகிறது. சுண்ணாம்பு அடித்தால்தான் போகும்.

நாளை காலை வாலாஜாபாத். மதியச் சாப்பாடு அங்கே என்பதால் நான் சமைக்க வேண்டியதில்லை என்று இவர் சலுகை அறிவித்தார். ஆனாலும் திட்டம் போட்டாக வேண்டும். கலியாணசுந்தரம் அண்ணனுக்குக் களி கட்டிக்கொள்ள வேண்டும். மில்லுக்காரர் வீட்டில் மாம்பழம் இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு வழிக்குப் பொரிகடலை. இவருக்கு வெறும் வயிற்றில் பஸ் ஏறினால் தலை சுற்றும், இரண்டு இட்லி. அண்ணிக்கு நான்கு. தேவகி அரக்குப் புடவைதான் கட்ட வேண்டுமாம். கட்டட்டும், இந்த முறை யாருக்கும் முந்தானையைத் திருப்பிக் காட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அங்கம்மாளுக்கு நான் செய்யப்போவது நியாயம் இல்லை. தெரிகிறது. பாயசம் என்னவென்று கேட்டனுப்பிய முதல் மனுஷி. அவர் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் — பையனிடம் ஒரு குறையும் இல்லை, உங்களிடமும் இல்லை, என் பெண் படிக்கப் போகிறாள் என்று. அண்ணியைப்போல் எழுந்து நடந்துவிடக் கூடாது. உட்கார்ந்தபடியே, இலைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி. இவர் மோட்டுவளையைப் பார்ப்பார். அவர்கள் வீட்டு மோட்டுவளை எப்படி இருக்குமோ.

திரும்பி வந்த பிறகு இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்குமா? கிடைக்கும். சமைப்பது நான்தானே.

ஒரு சட்டியில் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்திருக்கிறேன். ஜாடியின் அடியில் மாவடு இருக்கிறது. விடிவதற்கு முன், யாரும் எழுந்திருக்காதபோது, எனக்கு மட்டும். கெட்டித் தயிர் விட்டு வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டால் சாயங்காலம்வரை தாங்கும். அங்கே மோர்கூடத் தொடப்போவதில்லை.